இறக்கத்தில் சைக்கிள் தள்ளியவன்

மலை மேலிருக்கும் சோளக்காடு என்ற ஊரில் நான் குழாய்க்கடை வைத்திருக்கிறேன். பிவிசி குழாய், வால்வு, எல்போ, மோட்டாருக்கு வேண்டிய சாமான், மிளகுத் தோட்டங்களுக்குச் சொட்டுநீர் ஓஸ் எல்லாம் கிடைக்கும். கடைக்கு வருகிறவர்களிடம் நான் ஓயாமல் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "வெலையப் பாக்காதீங்க, உழைப்பப் பாருங்க." பக்கத்து மலையூர்களான ஆலத்தூர் நாட்டில் பாதிப் பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன். தினமும் காலையில் கண்ணாடிக்குள் நின்றுகொண்டு எனக்கு எதிரே தலை வாருகிற ஒரு மனிதன் இருக்கிறான். அவன் ஒருவனுக்குத்தான் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

சர்க்கரை இருக்கிறது, நடக்க வேண்டும் என்றார் டாக்டர். நடந்து பார்த்தேன். எங்கள் ஊரில் நடப்பது என்றால் நிற்பது என்று பொருள். பத்தடிக்கு ஒருவர் "எங்கீங்க, காலங்காத்தால?" என்பார். பதில் சொன்னால் டீ வாங்கித் தருவார். டீயில் சர்க்கரை இருக்கும். ஒரு மாதம் நடந்து முடித்தபோது சர்க்கரை ஏறியிருந்தது. சைக்கிளில் போகிறவனை யாரும் நிறுத்த மாட்டார்கள் என்ற கணக்கில் சைக்கிள் வாங்க முடிவு செய்தேன்.

வாங்கினேன் என்பதைவிட, அது என் கடை வாசலில் வந்து விழுந்தது என்பதே சரி. கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவையும் அதில் மிதித்து ஏறி, என் கடைக்கு எதிரே சாலை ஓரத்தில் படுத்தார். முகத்தில் தண்ணீர் தெளித்தோம். எழுந்து உட்கார்ந்தவர் முதலில் கேட்டது "கீழே போக பஸ் எப்போ?" இரண்டாவதாகக் கேட்டது "இந்த சைக்கிள் உங்களுக்கு வேணுமா?" இப்படி ஒரு சைக்கிளை ஒருவர் இப்படி ஒரு நிலையில் விற்கிறார் என்றால் அதிலிருந்தே எனக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்பது மட்டுந்தான் புரிந்தது.

அது பந்தய சைக்கிள். கைப்பிடி கிடாக் கொம்பு மாதிரி கீழ்நோக்கி வளைந்திருக்கும். டயரோ என் கட்டைவிரல் அகலங்கூட இல்லை. எதிர் டீக்கடைக்காரர் சுற்றிவந்து பார்த்தார்.

"ஏனுங்க, சக்கர உங்களுக்குன்னுதான சொன்னாங்க? டயருதான் எளச்சுப் போயிக் கெடக்குது. நீங்க அப்படியே இருக்கறீங்க."

டயர் இளைத்தது மட்டுமல்ல, வயதானதும்கூட. ஓரமெல்லாம் கோடைகாலத்துக் குளம் மாதிரி வெடிப்பு. நான் அதைப் பார்க்கவில்லை. வாடிக்கையாளர் பழைய குழாயைக் கொண்டுவந்து காட்டினால் பத்தடி தூரத்திலிருந்தே "வெயில்ல வெடிச்சிருக்குதுங்க, மாத்திருங்க" என்று சொல்லிவிடுகிற கண்தான் இது. தன் சாமானைப் பார்க்கும்போது மட்டும் அதற்குப் புரை விழுந்துவிடுகிறது.

முதல் பஞ்சர் ஆலத்தூர் நாட்டுப் பக்கம், தார் பெயர்ந்து ஜல்லி பல்லிளிக்கிற இடத்தில். மனைவிக்கு போன் போட்டேன். கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டரில் வந்தாள். மலைச் சாலையில் அவள் ஸ்கூட்டர் ஓட்டுவது தனி அழகு. வளைவுகள் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்குகிற மாதிரி இருக்கும். திரும்பும்போது அவள் முன்னால், நான் பின்னால், என் மடியில் சக்கரம் கழற்றிய சைக்கிள், கழுத்தில் மாலையாக முன் சக்கரம். சோளக்காடு பஸ் ஸ்டாப்பில் பலாப்பழம் விற்றுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். மரியாதை என்று நினைத்துத் தலையாட்டினேன்.

இரண்டாவது பஞ்சர் அதே வாரம். அன்று கடை சாத்தியிருந்த நேரத்தில் மோட்டார் சாமான் கேட்டு வந்த பெரிய வியாபாரம் ஒன்று பக்கத்துக் கடைக்குப் போய்விட்டது. வீட்டில் சைக்கிளை இறக்கி வைத்ததும் மனைவி சொன்னாள்.

"இங்க பாருங்க. மூணாவது தடவ எனக்கு போன் வந்துச்சுன்னா, இது எங்கண்ணன் ஊட்டு ஆட்டுக் கொட்டாய்க்குப் போயிரும். கொம்புதான் இருக்குதே. ஆட்டோட ஆடா நிக்கட்டும்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. வாடிக்கையாளரிடம் "கடைசி வெல இதுதானுங்க" என்று சொல்லும்போது இருக்கும் முகம்.

எனக்கோ அந்தச் சைக்கிளின் மீது ஆசை வந்துவிட்டிருந்தது. காலைப் பனியில், மிளகுக் கொடி சுற்றிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, யாரும் நிறுத்தி எங்கே போகிறாய் என்று கேட்காத அரை மணி நேரம் என்னிடம் வேறெங்கும் இல்லை. அதை ஆட்டுக் கொட்டாயில் கட்ட விடுவதில்லை என்று உறுதி எடுத்தேன். அதற்கு ஒரே வழி, விலை குறைவான, ஆனால் உடையாத, ஓட்டை விழாத டயர். அப்படி ஒன்றைத் தேடி இறங்கினேன்.

செல்போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். ஒருவர் டயரைத் தராசில் நிறுத்தார். ஒருவர் ஆணி மேல் ஏற்றினார். ஒருவர் டயரைப் பாதியாக அறுத்து, வெட்டிய கேக்கைக் காட்டுவது மாதிரி அடுக்கடுக்காகக் காட்டினார். உள்ளே ஒரு பட்டை வைத்திருப்பார்களாம், முள் அதைத் தாண்டாதாம். ஓரத்தில் கம்பி வைத்தது ஒரு வகை. கம்பிக்குப் பதில் நூல் வைத்து, சட்டை மாதிரி மடிக்கக்கூடியது இன்னொரு வகை. மடிக்கிறது லேசு, அதனால் விலை ஜாஸ்தி. இருபத்து மூன்று மில்லிமீட்டர் அகலம் பந்தயக்காரனுக்கு, இருபத்தெட்டு மோசமான சாலைக்கு. அகலம் கூடினால் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டலாம், குலுங்காது. ரொம்பக் குறைத்தால் குழியில் விழும்போது ட்யூபை ரிம்மே கடித்துவிடும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட மனிதன் சும்மா இருக்க முடியுமா? ஒன்றரை இஞ்ச் எல்போ கேட்டு வந்த ஒருவருக்கு மடிக்கும் டயருக்கும் கம்பி டயருக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது: "எல்போ கேட்டவருக்கு எல்போவக் குடுங்க."

மச்சானிடமும் கேட்டேன். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், ஆட்டுக் கொட்டாயின் சொந்தக்காரர். காரவள்ளியில் வீடு, சொந்தமாக லாரி. மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்ற மலைக்கு வருவார். எங்கள் மாவட்டத்தில் டயரைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆண்பிள்ளை கிடையாது. வீட்டுக்கு ஒரு லாரி இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒரு டிரைவர் உண்டு. மச்சான் லாரியிலிருந்து இரும்புத் தடியை எடுத்துவந்து, லாரி டயரைத் தட்டிப் பார்க்கிற மாதிரி என் சைக்கிள் டயரில் ஒரு தட்டுத் தட்டினார். சத்தமே வரவில்லை.

"மாப்ள, இது டயரில்லீங்க. வெத்தலக் கட்டுக்குப் போடற ரப்பர் பேண்டு."

"சரிங்க மச்சான், எப்படிப்பட்டது வாங்கலாம்?"

"லோடு எவ்வளவுங்க?"

"லோடா? நான் மட்டுந்தான்."

அவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். வயிற்றில் கொஞ்சம் நின்று பார்த்தார். "ஓவர்லோடு" என்றார். பிறகு, "தேஞ்சா ரீட்ரெட் போட்டுக்கலாமுங்களா?" என்றும் கேட்டார். பழைய டயர் மேல் புது ரப்பர் ஒட்டுவது லாரிக்காரர்களின் வழக்கம். சைக்கிளுக்கு அது கிடையாது என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கிளம்பும்போது மட்டும் ஒரு சட்டம் சொன்னார்:

"ஒண்ணு மறந்துராதீங்க மாப்ள. புது டயரு எப்பவும் முன்னாடி. பின்னாடி வெடிச்சா வண்டி நிக்கும். முன்னாடி வெடிச்சா, பேசறதுக்கு ஆளு இருக்காது."

அறுத்துக் காட்டிய வீடியோக்காரரும் இதையேதான் சொல்லியிருந்தார். பின் டயர்தான் சீக்கிரம் தேயும்; தேய்ந்தால் முன்னாலிருப்பதைப் பின்னால் போட்டு, புதியதை முன்னால் போடுங்கள் என்று. மச்சானும் வீடியோக்காரரும் ஒத்துப்போனது எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவு வீடியோ பார்த்த பாடு வீணாகப் போன மாதிரி இருந்தது.

டயர் வாங்கச் சேலம் போனேன். சைக்கிள் கடைக்காரர் என் சாலை, என் எடை, என் சோகக் கதை எல்லாம் கேட்டுவிட்டு மேசை மேல் மூன்று டயர்களை எடுத்துப் போட்டார். இடது பக்கம் மலிவு. வலது பக்கம் மடிக்கிற ரகம். அந்த விலைக்குக் கடையில் ஒரு சின்ன மோட்டார் விற்பேன். நடுவில் ஒன்று, இருபத்தெட்டு அகலம், கம்பி ஓரம், உள்ளே முள் தடுக்கும் பட்டை. அவர் விரல் நடுவில் இருந்ததன் மேல் போய் நின்றது.

எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் இப்படித்தான் மூன்று குழாயை எடுத்துப் போடுவேன். நடுவிலிருப்பதை விற்க வேண்டுமென்றால் இருபுறமும் இரண்டு எதற்கு என்பது எனக்குத் தெரியாதா?

"இது போட்டீங்கன்னா மறந்துரலாம் சார்" என்றார்.

அங்கேதான் அவர் மாட்டினார் என்று நினைத்தேன். "போட்டுட்டு மறந்துருங்க" என்பது என் வாக்கியம். வாடிக்கையாளர் கேட்கிற கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாதபோது நான் சொல்வது. ஆகவே இந்த ஆளுக்கும் ஒன்றும் தெரியவில்லை, நம்மிடமே நம் சரக்கை விற்கப் பார்க்கிறார் என்று முடிவு கட்டி, இடது பக்கம் கிடந்த மலிவு டயரில் இருபத்தைந்து அகலத்தில் ஒரு ஜோடி எடுத்துக்கொண்டேன். உள்ளே பட்டை கிடையாது. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஒரு வியாபாரியை இன்னொரு வியாபாரி ஏமாற்ற முடியாது என்ற பெருமையில் நெஞ்சு நிமிர்ந்து பஸ் ஏறினேன். உலகத்தில் உண்மையாகவே போட்டுவிட்டு மறந்துவிடக்கூடிய சாமான் ஒன்று இருக்கிறது, அதை அந்த மனிதர் எனக்கு நேர்மையாகக் காட்டினார் என்பது அப்போது உறைக்கவில்லை.

பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருக்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. பாதி வளைவில் வந்த யோசனை. தலை சுற்றலில் வந்ததாகவும் இருக்கலாம். பட்டை இல்லையென்றால் நாமே பட்டை வைத்தால் போயிற்று. என் கடையில் இல்லாத பட்டையா?

கடையில் கட்டு அவிழ்ந்து கிடந்த ஒரு சொட்டுநீர் ஓஸ் சுருளிலிருந்து ஒரு துண்டு வெட்டினேன். கறுப்பு ஓஸ், மேலே நீலக் கோடு. வெயிலுக்கும் பாறைக்கும் அசையாது என்று நான் எல்லாரிடமும் சத்தியம் செய்கிற சரக்கு. அதை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, வெந்நீரில் போட்டுத் தட்டையாக்கி, டயருக்கும் ட்யூபுக்கும் நடுவில் சுற்றிலும் வைத்து, முனைகளைக் கரண்ட் டேப்பால் ஒட்டினேன். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முள்ளென்ன, ஆணியே வந்தாலும் என் ஓஸைத் தாண்டட்டும் பார்க்கலாம்!

லோடு ஏற்ற வந்த மச்சான், புது டயர் என்றால் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றாமல் ரோட்டில் இறக்கக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தார். கற்பூரம் காட்டி, இரண்டு சக்கரத்தின் கீழும் பழம் வைத்தார். லாரி ஏறினால் பழம் 'பச்'சென்று நசுங்கும். என் சைக்கிள் ஏறியதும் முன் பழம் நழுவி உருண்டு டீக்கடைக்குள் போய்விட்டது. பின் பழம் சாக்கடையில். டீக்கடைக்காரர் பழத்தைத் துடைத்து எடுத்து வைத்துக்கொண்டார். "சகுனம் சரியில்லீங்க மாப்ள" என்றார் மச்சான். அகலம் போதவில்லை என்றுதான் அந்தப் பழங்கள் சொல்லியிருக்கின்றன. கேட்கிற காது இல்லை.

ஆனால் டயர் உழைத்தது. நான்கைந்து காலைகள் முள்ளிலும் ஜல்லியிலும் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. ஒருநாள் டயரில் குத்தி நின்ற முள்ளை டீக்கடை வாசலில் வைத்து, எல்லாரும் பார்க்க, இரண்டு விரலால் பிடுங்கி எறிந்தேன். மனைவிகூட "பரவால்லியே" என்றாள். அந்த 'பரவால்லியே' என் தலைக்கு ஏறியது.

அந்த வாரம்தான் ஆலத்தூர் நாட்டு விவசாயி ஒருவர் கடைக்கு வந்தார். நல்ல மனிதர், எங்களிடமே எப்போதும் வாங்குகிறவர்.

"அம்மணி, நீங்க குடுத்த ஓசு சுருளு கொறையுதுங்களே. கடைசி மரத்துக்கு ஒரு பாகம், ரெண்டு கையையும் விரிச்ச நீளம், இருக்கறப்பவே நின்னு போச்சு. அந்த ஒத்த மொளகுக் கொடி மட்டும் வாயப் பொளந்துட்டு நிக்குது."

"முழுச் சுருளுதானுங்களே குடுத்தேன்" என்றாள் மனைவி. உடனே சேலத்தில் எங்களுக்குச் சரக்கு அனுப்புகிற மொத்த வியாபாரிக்கு போன் போட்டாள். அவள் பேசுவது எனக்குப் போதவில்லை. வாடிக்கையாளர் முன்னால் ஒரு கடைக்காரன் எப்படிப் பேச வேண்டும் என்று காட்டுவதற்காக போனைப் பிடுங்கினேன்.

"ஏனுங்க, வெவசாயி வயித்துல அடிச்சு ரெண்டு மீட்டர் திருடி நீங்க மாடி கட்டப் போறீங்களா?" என்று கத்தினேன். விவசாயி மலர்ந்த முகத்தோடு என்னைப் பார்த்தார். உலகத்தில் நியாயம் இருக்கிறது என்ற நம்பிக்கை அவர் கண்ணில் தெரிந்தது. நானும் அதே நம்பிக்கையில்தான் இருந்தேன். நான் வெட்டிய சுருள்தான் அவருக்குப் போனது என்பது அந்த நிமிடம் என் மூளையின் எந்த மூலையிலும் இல்லை.

பிறகு மச்சான் வீட்டில் கெடா வெட்டு வந்தது. குலசாமிக்கு வேண்டுதல். மனைவி முதல்நாளே ஸ்கூட்டரில் இறங்கிவிட்டாள். நான் சைக்கிளில் வருவதாகச் சொன்னேன். மச்சான் அதை ஊரெல்லாம் சொல்லிவைத்தார். மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "நெனப்பிருக்குதில்லீங்க? போன் வந்துச்சுன்னா கொட்டாய். அண்ணன் ஊடுங்கறதால தூக்கிட்டுப் போற வேலகூட இல்ல."

காலையில் கிளம்பினேன். பனி விலகிக்கொண்டிருந்தது. முதல் சில வளைவுகளில் நான் ஒரு பறவை. பறவையென்றால் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு ஒலி எழுப்ப மணி இல்லாததால் வாயால் "ஓய் ஓய்" என்று கத்திக்கொண்டு போகிற பறவை. அப்புறம் பின்னாலிருந்து 'உஸ்' என்றது.

குரங்குகள் உட்கார்ந்திருக்கும் ஒரு வளைவில் நிறுத்தினேன். கையில் ஒரு ட்யூப் இருந்தது. மாற்றினேன். டயரைத் தடவிப் பார்த்தேன், முள் இல்லை. சரி, ட்யூபில்தான் ஏதோ கோளாறு என்று ஓஸ் பட்டையை முன்புபோலவே வைத்து மாட்டினேன். குரங்குகள் என்னைக் கவனமாகப் பார்த்தன. ஒன்று தன் குட்டியைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது.

இன்னும் சில வளைவு இறங்கியதும் மறுபடி 'உஸ்'.

இப்போது ட்யூப் இல்லை. பஞ்சர் ஒட்டுகிற பசை இருந்தது. திறந்தால் மஞ்சள் கல்லாக இருந்தது. அதையும் மலிவாகத்தான் வாங்கியிருந்தேன். பாராப்பெட் சுவரில் உட்கார்ந்து டயரைக் கழற்றினேன். அப்போதுதான் பார்த்தேன். கரண்ட் டேப் சூட்டில் இளகி விலகியிருந்தது. ஓஸ் பட்டை நகர்ந்து, அதன் ஓரம் கத்தி மாதிரி ட்யூபைத் தேய்த்து, பிளேடால் கோடு கிழித்த மாதிரி வரிசையாக அறுத்திருந்தது. ஒரு முள்ளும் உள்ளே வரவில்லை. வெயிலுக்கும் பாறைக்கும் அசையாத என் சரக்கு, சொன்ன வாக்கைக் காப்பாற்றியிருந்தது. ட்யூபை மட்டுந்தான் அது விட்டுவைக்கவில்லை.

செல்போனை எடுத்தேன். திரையில் மனைவியின் பெயரை வரவழைத்தேன். பையில் போட்டேன். மறுபடி எடுத்தேன். கீழே தூரத்தில், சமவெளியில், காரவள்ளி தெரிந்தது. அங்கே ஒரு கிடா வெட்டப்பட்டு ஒரு கொட்டாய் காலியாகியிருக்கும். போனை அணைத்துவிட்டேன்.

ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளுகிறவனை உலகம் மதிக்கும். இறக்கத்தில் தள்ளுகிறவனுக்கு உலகத்தில் இடமே இல்லை. எதிரே ஏறி வந்த பஸ் வளைவில் மெல்லத் திரும்பியபோது கண்டக்டர் தலையை வெளியே நீட்டினார்.

"ஏனுங்க, எறக்கத்துல எதுக்குத் தள்றீங்க?"

"பிரேக் கட்ட தேயுமுங்க!" என்றேன்.

பஸ் முழுவதும் என் பக்கம் திரும்பியது. மோட்டார் பைக்கில் வந்த வெளியூர் இளைஞர்கள் நிறுத்தி என்னோடு படம் எடுத்துக்கொண்டார்கள். மலையைச் சைக்கிளில் ஏறி வந்தவன் என்று நினைத்திருப்பார்கள். நான் மறுக்கவில்லை, கட்டைவிரலைக்கூட உயர்த்திக் காட்டினேன்.

அப்புறம் பின்னாலிருந்து மொபெட் சத்தம். வாழைத்தார் கட்டிய மொபெட்டில், ஒற்றைக் கொடி வாயைப் பிளந்து நிற்கிறது என்று சொன்ன அதே ஆலத்தூர் நாட்டு விவசாயி.

"அட, நீங்களா! என்னாச்சுங்க?"

"பஞ்சருங்க."

"முள்ளுங்களா?"

"இல்லீங்க, இது..." என்று என் கையில் சுருட்டி வைத்திருந்த பட்டையைக் காட்டினேன். காட்டியிருக்க வேண்டியதில்லை. கை தானாக நீண்டது.

அவர் அதை வாங்கினார். திருப்பினார். நீலக் கோட்டை விரலால் தடவினார். இரண்டு கையையும் விரித்து நீளம் பார்த்தார். ஒரு பாகம், கொஞ்சம் மிச்சம். பிறகு முன் சக்கரத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏனுங்க... இது நம்ம ஓசு மாதிரி இருக்குதுங்களே."

அந்த நொடியில்தான் எனக்கு எல்லாம் புரிந்தது. கட்டு அவிழ்ந்து கிடந்த சுருள், முழுச் சுருள் என்று விற்ற மனைவி, மாடி கட்டுகிற மொத்த வியாபாரி. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. என் டயரிலிருந்து போன காற்றின் மிச்சமாக இருக்கலாம்.

விவசாயி சிரிக்க ஆரம்பித்தார். மொபெட்டை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, பாராப்பெட் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்ற மொளகுக் கொடி தண்ணி இல்லாம நிக்குது, அதோட ஓசு சைக்கிள்ல ஊர் சுத்துது!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரிங்க, நான் கீழ போயி அம்மணிகிட்டச் சொல்றேன். வண்டிய எடுத்துட்டு வரட்டும்."

"வேண்டாங்க சாமி!" என்று அவர் கையைப் பிடித்தேன். போன், மூன்றாவது தடவை, ஆட்டுக் கொட்டாய், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப போன் வரக்கூடாது. அவ்வளவுதானுங்களே?"

"அவ்வளவுதானுங்க."

"சரி, நான் போன் பண்ணலீங்க. நான் வாழத்தார எறக்கத்தான் போறேன். நீங்க மெதுவா வாங்க."

பட்டையை மட்டும் திருப்பித் தராமல் வாழைத்தாரில் செருகிக்கொண்டு போனார். அவரை நம்பினேன். அன்றைக்கு நான் நம்பிய பொருள்களில் அவர்தான் கடைசி.

காரவள்ளிக்குத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. முதல் வரிசையில், நடு இலையில் அந்த விவசாயி உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் அழைத்திருக்கவில்லை. கதை கேட்ட மச்சான் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்திருக்கிறார். அவர் இலையில் நல்லி எலும்பு. பக்கத்தில், தண்ணீர் டம்ளருக்கு அருகே, சாட்சிப் பொருளாக நீலக் கோட்டுப் பட்டை.

என்னைப் பார்த்ததும் பந்தியே கையை நிறுத்தியது. மனைவி கையில் குழம்பு வாளியோடு நின்றாள்.

"கொட்டாய் காலியாத்தான் இருக்குது. கூட்டி வச்சிருக்கறேன்" என்றார் மச்சான், மிகவும் பணிவாக.

நான் வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்த வாதத்தை எடுத்தேன். "எனக்கு யாரும் துணைக்கு வரல. நான் போன் பண்ணல. பேச்சுன்னா பேச்சு."

"போன் வரல. நெசந்தான்" என்றாள் மனைவி. வாளியைக் கீழே வைத்தாள். பட்டையை எடுத்துப் பார்த்தாள். சைக்கிளைப் பார்த்தாள். பின் டயர் தரையோடு ஒட்டிக்கிடந்தது. அதன் வளைந்த கொம்பில் என் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. மனிதன் ஐம்பதை நெருங்கும்போது கிடைத்த ஒரு விளையாட்டுப் பொருள். அதைப் பிடுங்கிவிடுவார்களோ என்று நடுங்குவது எவ்வளவு கேவலம் என்று தெரிந்தும் நடுங்கினேன்.

"அண்ணா, சைக்கிள் ஒரு தப்பும் பண்ணலியே" என்றாள் அவள். "தப்பு பண்ணுனது எதுவோ, அதுதானே கொட்டாய்க்குப் போவணும்?"

பந்தி முழுவதும் ஒரு கணம் யோசித்தது. பிறகு எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பியது.

எனக்கு இலை ஆட்டுக் கொட்டாய் வாசலில் போடப்பட்டது. மச்சான் தன் கையாலேயே தண்ணீர் தெளித்துப் போட்டார். கறி நன்றாக இருந்தது. மிச்சமிருந்த ஆடுகள் இரண்டு வேலிக்கு அப்பாலிருந்து தழையை மென்றுகொண்டே என்னைப் பார்த்தன. சைக்கிள் வீட்டுக்குள், விருந்தாளியாக, கூடத்துச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

தண்டனை அதோடு முடியவில்லை. விவசாயிக்குப் புதுச் சுருள் ஒன்று போனது. அவர் எதிரிலேயே அளந்து கொடுத்தோம். மொத்த வியாபாரிக்கு நானே போன் செய்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றாள் மனைவி. கேட்டேன். "பரவால்லீங்க, மாடி வேலைய நிறுத்தி வச்சிருக்கறேன்" என்றார்.

அப்புறம் சேலம். இந்த முறை மனைவியும் வந்தாள். கடைக்காரர் என்னைப் பார்த்தார். மூன்று டயரை எடுத்துப் போட்டார். அவள் நடுவிலிருந்ததை எடுத்து, நாங்கள் ஓஸைப் பார்க்கிற மாதிரி, ஓரத்தை மடக்கிப் பார்த்தாள், நகத்தால் அழுத்தினாள், மோந்து பார்த்தாள். "கடைக்கு வந்து எவ்வளவு நாளாச்சுங்க?" என்று கேட்டாள். டயரைப் பற்றி நான் பார்த்த எந்த வீடியோவையும் அவள் பார்த்ததில்லை. ரப்பர் கடையிலேயே கிழமாகும் என்பது தெரிய எங்கள் குடோனைப் பார்த்தாலே போதும். அந்தக் குடோன் எனக்கும்தான் சொந்தம்.

"போட்டுட்டு மறந்துருங்க மேடம்" என்றார் கடைக்காரர்.

"இவரு மறந்துருவாருங்க. நான் மறக்க மாட்டேன்" என்றாள்.

அந்த டயர்தான் இப்போது ஓடுகிறது. இருபத்தெட்டு அகலம், கம்பி ஓரம், உள்ளே கம்பெனி வைத்த பட்டை, அதோடு ஒட்டிப் பிறந்தது. மடிக்கிற ரகத்துக்குக் கொடுக்க வேண்டிய காசை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். காற்று கல் மாதிரி அடைப்பதில்லை. மழையும் ஜல்லியும் தாண்டி வருகிறது. இடையில் ஒரே ஒரு முறை ஆணி ஏறியது. அன்று புதுப் பசையால் நானே ஒட்டிக்கொண்டு வந்தேன், யாருக்கும் தெரியாமல். வீடியோக்காரர் சொன்னபடி பின் டயர்தான் தேய்கிறது. அடுத்ததாக வாங்கும் புதியது, மச்சான் சட்டப்படி, முன்னால்தான் போகும். எலுமிச்சம்பழ விஷயத்தில் மட்டும் இந்த முறை மனைவி குறுக்கிட்டாள். பழத்தை மச்சான் கையிலிருந்து வாங்கி, உப்புப் போட்டு ஜூஸ் பிழிந்து ஆளுக்கொரு டம்ளர் கொடுத்துவிட்டாள்.

சைக்கிள் வீட்டில்தான் நிற்கிறது. காலை அரை மணி நேரமும் இருக்கிறது. ஆனால் அதில் ஒன்று மாறிவிட்டது. முன்பெல்லாம் சைக்கிளில் போகும் என்னை யாரும் நிறுத்தமாட்டார்கள். இப்போது ஒவ்வொரு டீக்கடையிலும் நிறுத்தி அந்தக் கதையைச் சொல்லச் சொல்கிறார்கள். டீ வாங்கித் தருகிறார்கள். டீயில் சர்க்கரை இருக்கிறது.

கடையில் இப்போது நான் "வெலையப் பாக்காதீங்க" என்று ஆரம்பிப்பதில்லை. ஆரம்பித்தால் முடிக்க விடமாட்டார்கள். சொட்டுநீர் ஓஸ் வாங்க வருகிறவர் யாராக இருந்தாலும் சுருளைக் கையில் வாங்கி, நீலக் கோட்டைத் தடவி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்கிறார்:

"ஏனுங்க, இது தோட்டத்துக்குப் போடறதுங்களா, சைக்கிளுக்குப் போடறதுங்களா?"